பழைய மீன்தொட்டியில் ஒரு தற்காலிக வீடு: சிறு கொறிவிலங்குகளைப் பத்திரமாக வைத்திருக்கும் முறை



உங்கள் பள்ளியின் சாமான் அறையைத் திறந்து பாருங்கள். உடைந்த நாற்காலிக்கும் பழைய விளையாட்டுப் போட்டிப் பதாகைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி இருக்கும். மீன்கள் செத்துப்போய் ரொம்ப நாளாகியிருக்கும். அடியில் காய்ந்த கூழாங்கல், ஓரத்தில் வெள்ளைக் கோடு. தூக்கிப் போடவும் மனம் வராது, திரும்பவும் மீன் வளர்க்க நேரமும் இருக்காது. அந்தத் தொட்டியை ஹேம்ஸ்டர் போன்ற சிறு கொறிவிலங்குகளுக்குச் சில வாரங்கள் தங்கும் இடமாக மாற்றுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆண்டு 4 முதல் எஸ்.பி.எம். வரை அறிவியலிலும் கணிதத்திலும் தமிழ்மொழியிலும் பயன்படுத்தக்கூடிய பகுதிகளைக் கடைசியில் தந்திருக்கிறேன்.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. என் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி காலணிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், ரெண்டும் பொண்ணுன்னு சொல்லித்தான் கடையில கொடுத்தாங்க. ஆறு குட்டி போட்டுருச்சு. இனிமே வீட்டுல வைக்கவே கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க." குட்டிகளுக்கு நாலு வாரம் ஆகியிருந்தது. ஆணையும் பெண்ணையும் உடனே பிரிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதம் இன்னொரு பெட்டி வரும். மூன்று ஆண் குட்டிகளைச் சாமான் அறையிலிருந்த மீன்தொட்டியில் விட்டேன். பூனை வந்துவிடுமோ என்று ஒரு பலகையில் ஐந்தாறு ஓட்டை போட்டு மேலே வைத்தேன். வெளிச்சம் இருக்கட்டும் என்று சன்னல் ஓரத்தில் வைத்தேன்.

மதியம் வெயில் அந்தப் பக்கம் திரும்பியது. பள்ளி முடிந்து நான் போய்ப் பார்த்தபோது ஒரு குட்டி செத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் வயிற்றைத் தரையில் ஒட்டவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அவை பிழைத்துக்கொண்டன. அந்த மாணவி அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்: "மீன் செத்தா தண்ணி சரியில்லன்னு சொல்லிக் கொடுத்தீங்க சார். இது செத்ததுக்குக் காத்து சரியில்லையா?"

சரியான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. கண்ணாடித் தொட்டி தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதே ஐந்து சுவர்கள் காற்றையும் வெப்பத்தையும் ஈரத்தையும் நாற்றத்தையும் கூடப் பிடித்து வைக்கும். இதைப் புரிந்துகொண்டால் இனி வரும் ஒவ்வொரு படிநிலையும் ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.

1. எந்த விலங்குக்குப் பொருந்தும்?

கொறிவிலங்கு என்ற பெயரைக் கவனியுங்கள். கடலை கொறிக்கிறோம் என்கிறோமே, அதே "கொறி". இவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கொறித்துக் கொறித்துத் தேய்த்தாக வேண்டும். பிளாஸ்டிக் கூடைக்குள் விட்டால் ஒரே இரவில் ஓட்டை போட்டுவிடும். கண்ணாடியைக் கொறிக்க முடியாது. மீன்தொட்டியின் முதல் நன்மை இதுதான். இரண்டாவது, கம்பிக் கூண்டில் போட முடியாத அளவுக்கு ஆழமாகப் படுக்கைப் பொருளை நிரப்பலாம். கம்பி இடுக்கு வழியாகக் கொட்டாது. மூன்றாவது, மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து உற்றறியலாம், விரலை உள்ளே விட முடியாது.

பொருந்துபவை: ஹேம்ஸ்டர், ஜெர்பில். இரண்டும் வளை தோண்டி வாழ்பவை. வளர்ப்புச் சுண்டெலியைச் சில நாள்கள் வைக்கலாம். அதன் சிறுநீர் நாற்றம் அதிகம் என்பதால் காற்றோட்டம் குறைந்த தொட்டி நீண்ட நாளைக்கு ஆகாது.

பொருந்தாதவை: கினிப்பன்றிக்கு ஓடியாட அகலமான தரை வேண்டும், மீன்தொட்டி போதாது. பெரிய வளர்ப்பு எலிகளுக்கு மூச்சுக்குழாய் நோய் எளிதில் வரும், ஏறி விளையாட உயரமும் வேண்டும். சின்சில்லாவின் அடர்ந்த ரோமத்துக்கு நம் நாட்டு வெப்பமே தாங்காது, கண்ணாடிக்குள் வைப்பது கொடுமை.

மாணவர்கள் அடிக்கடி கேட்பது: "சார், எங்க வீட்டுப் பின்னால பிடிச்ச எலிய வைக்கலாமா?" கூடாது. காட்டெலி, வீட்டெலி, சாக்கடை எலி ஆகியவற்றின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். மரத்திலிருந்து விழுந்த அணில் குஞ்சு போன்ற வனவிலங்குகளும் நம் பொறுப்பு அல்ல. தீபகற்ப மலேசியாவில் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் உள்ளவர்கள் எந்த விலங்கை வளர்க்க அனுமதி உண்டு என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஹேம்ஸ்டர், ஜெர்பில், சுண்டெலி, கினிப்பன்றி, சின்சில்லா ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு, முள்ளெலிக்கு இல்லை.

2. ஒரு தொட்டியில் எத்தனை?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்ற பழமொழியை நாம் வீடு வாங்குவது பற்றிப் பேசும்போது சொல்கிறோம். ஹேம்ஸ்டரைப் பொறுத்தவரை இது சொல்லுக்குச் சொல் உண்மை. சிரியா நாட்டு ஹேம்ஸ்டர், அதாவது கடையில் பொன்னிறத்தில் பெரிதாக இருப்பது, வளர்ந்தபின் தனியாகத்தான் வாழும். இரண்டைச் சேர்த்து விட்டால் சண்டை போட்டு ஒன்று சாகும்வரை போகும். குள்ள ஹேம்ஸ்டர்கள் சில நேரம் சேர்ந்திருக்கும், ஆனாலும் தனியாக வைப்பதே பாதுகாப்பு. ஜெர்பில் நேர்மாறு. அது கூட்டமாக வாழும் விலங்கு, ஒரே பாலினத்தில் இரண்டாக வைக்க வேண்டும்.

சிரியா ஹேம்ஸ்டரின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 16 நாள்தான். மூன்று வாரத்தில் குட்டி பால் மறந்துவிடும், நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் அதுவே குட்டி போடும் பருவத்தை அடைந்துவிடும். ஆகவே நான்காவது வாரம் முடிவதற்குள் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். உங்களுக்குத் தற்காலிகத் தொட்டி தேவைப்படுவதே பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். தாய் குட்டி போட்டு இரண்டு வாரம் ஆகவில்லை என்றால் குட்டிகளைத் தொடாதீர்கள், தொட்டி மாற்றாதீர்கள். மிரண்டால் தாயே குட்டிகளைத் தின்றுவிடும். அப்போது இடம் மாற்ற வேண்டியது ஆணை மட்டுமே.

3. தொட்டியைத் தேர்ந்தெடுத்தல்

மீனுக்குத் தொட்டி வாங்கும்போது எத்தனை லிட்டர் என்று கேட்கிறோம். கொறிவிலங்குக்கு லிட்டர் கணக்கு உதவாது. அது தரையில் வாழ்கிறது, ஆகவே தரைப்பரப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு தொட்டிகளை ஒப்பிடுங்கள். முதல் தொட்டி 90 × 30 × 30 செ.மீ. இரண்டாவது 45 × 40 × 45 செ.மீ. இரண்டின் கன அளவும் 81,000 கன செ.மீ., அதாவது 81 லிட்டர்தான். ஆனால் முதல் தொட்டியின் தரை 2,700 சதுர செ.மீ., இரண்டாவதின் தரை 1,800 சதுர செ.மீ. மட்டுமே. கடைக்காரர் இரண்டும் ஒரே அளவு என்பார். ஹேம்ஸ்டருக்கு ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு பெரியது.

இன்னொன்று: உயரமாகவும் குறுகலாகவும் உள்ள தொட்டியில் காற்று மாறுவது கடினம். திறப்பு மேலே மட்டும் இருப்பதால் அடியிலுள்ள காற்று எளிதில் வெளியேறாது. நீளமான, அகலமான, உயரம் குறைந்த தொட்டியே நல்லது. ஜெர்மனியில் விலங்கு நல மருத்துவர்கள் ஹேம்ஸ்டரின் நிரந்தர வீட்டுக்குக் குறைந்தது 100 × 50 செ.மீ. தரை வேண்டும் என்கிறார்கள். நம்மிடம் இருக்கும் இரண்டடித் தொட்டி அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் இதை "வீடு" என்று மட்டும் சொல்லாமல் "தற்காலிக வீடு" என்கிறேன்.

தொட்டி ஒழுகினால் கவலை இல்லை, நாம் தண்ணீர் ஊற்றப் போவதில்லை. ஆனால் விரிசலும் உடைந்த விளிம்பும் ஆகாது. கையுறை போட்டு நான்கு விளிம்புகளையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சிறு சொட்டை இருந்தால் மேலே துணி ஒட்டுநாடா ஒட்டலாம். சுவரில் விரிசல் ஓடியிருந்தால் அந்தத் தொட்டியை விட்டுவிடுங்கள்.

தனியாகத் தூக்காதீர்கள். 60 × 30 × 36 செ.மீ. அளவுள்ள, 5 மி.மீ. தடிமன் கொண்ட வெறும் தொட்டியே ஏறக்குறைய 10 கிலோ வரும். எப்படி என்பதைக் கணிதப் பகுதியில் பார்ப்போம்.

4. சுத்தம் செய்தல்

அ. கூழாங்கல், வடிகட்டி, காற்றுக் குழாய், விளக்கு பொருத்திய பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றையும் அகற்றுங்கள். விளக்கு வெப்பம் தரும், மூடி காற்றை அடைக்கும். இரண்டும் நமக்கு வேண்டாம்.

ஆ. ஓரத்திலுள்ள வெள்ளைக் கோடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்புக்கு அது அசையாது. சமையலுக்குப் பயன்படும் வெள்ளை வினிகரில் துணியை நனைத்து அந்தக் கோட்டின் மேல் 15 நிமிடம் ஒட்டி வையுங்கள். சிறு குமிழ்கள் வரும், பிறகு தேய்த்தால் போய்விடும்.

இ. நிறையத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள். வினிகரோடு குளோரின் கலந்த வெளுப்பானைச் சேர்க்கவே கூடாது. நச்சுக் குளோரின் வாயு வெளிவரும். மாணவர்கள் கையில் வெளுப்பானைக் கொடுக்காதீர்கள்.

ஈ. ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மூலையில் ஈரம் இருந்தால் படுக்கைப் பொருள் பூஞ்சணம் பிடிக்கும்.

5. மூடி: உயிரைக் காக்கும் பகுதி

என் பலகை மூடி செய்த தவறு இங்கேதான். மூடி முழுவதும் காற்றுப் போகும் வலையாக இருக்க வேண்டும். பலகையில் ஓட்டை போட்டால் போதாது.

என்ன வலை? ஹார்ட்வேர் கடையில் துத்தநாகப் பூச்சுள்ள சதுரக் கம்பிவலை என்று கேளுங்கள். கட்டம் 6 மி.மீ. இருக்கட்டும். கோழிக்கூண்டு வலையின் கட்டம் பெரியது, குள்ள ஹேம்ஸ்டர் புகுந்து வெளியேறிவிடும். கொசுவலையைப் பல்லால் அறுத்துவிடும்.

60 × 30 செ.மீ. தொட்டிக்குச் செய்முறை இது:

முதலில், வலையை 68.5 × 38.5 செ.மீ. அளவில் வெட்டுங்கள். நான்கு பக்கமும் 4 செ.மீ. மடிப்பு, அதோடு மூடி எளிதாகக் கழற்ற அரை செ.மீ. தளர்வு.

அடுத்து, நான்கு மூலைகளிலும் 4 × 4 செ.மீ. சதுரத்தை வெட்டி எடுங்கள்.

அதன்பின், மரச்சட்டம் ஒன்றை வைத்து நான்கு பக்கத்தையும் கீழ்நோக்கி மடியுங்கள். காலணிப் பெட்டி மூடி போன்ற வடிவம் வரும்.

பிறகு, வெட்டிய கம்பி முனைகள் எல்லாவற்றையும் துணி ஒட்டுநாடாவால் இரண்டு சுற்று மூடுங்கள். இந்த வேலையை ஆசிரியர் செய்யட்டும். கையுறை கட்டாயம்.

இறுதியாக, மூடியைத் தொட்டியின்மேல் கவிழ்த்து நான்கு பக்கமும் பெரிய காகிதக் கிளிப்பால் இறுக்குங்கள். பள்ளிக்கூடத்துப் பூனைகள் லேசுப்பட்டவை அல்ல.

6. உள்ளே என்ன வேண்டும்?

படுக்கைப் பொருள்: கடையில் கிடைக்கும் காகிதப் படுக்கை அல்லது ஆஸ்பென் மரச் சீவல். பைன், சீடர் போன்ற வாசனை மரச்சீவல் வேண்டாம், அதன் ஆவி மூச்சுக்குழாயை உறுத்தும். தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூளும் வேண்டாம். என்ன மரம், என்ன பூச்சு என்று தெரியாது. அவசரத்துக்கு அச்சிடாத வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துப் போடலாம். பஞ்சு ஆகவே ஆகாது. அதன் இழை காலில் சுற்றிக்கொள்ளும், தின்றால் குடலை அடைக்கும்.

ஒரு பக்கம் 15 செ.மீ. ஆழமாகவும் மறுபக்கம் 5 செ.மீ. மட்டும் வருமாறும் சரிவாகப் பரப்புங்கள். ஆழமான பக்கத்தில் வளை தோண்டும், மேடான இடம் உறங்க. தாழ்ந்த பக்கத்தில் சக்கரமும் தண்ணீரும்.

சக்கரம்: குள்ள ஹேம்ஸ்டருக்கு 20 செ.மீ. விட்டம், சிரியா ஹேம்ஸ்டருக்கு ஏறக்குறைய 28 செ.மீ. ஓடும்போது முதுகு வளையக் கூடாது. கம்பிச் சக்கரத்தில் கால் மாட்டிக்கொள்ளும் என்பதால் ஓடுதளம் அடைப்பாக இருக்கட்டும். உயரம் குறைந்த தொட்டியில் சக்கரம் இடிக்கிறதா என்று முன்பே அளந்து பாருங்கள்.

தண்ணீர்: கண்ணாடியில் கொக்கி மாட்ட முடியாது. உறிஞ்சி ஒட்டும் பிடிப்பானில் தண்ணீர்ப் போத்தலைப் பொருத்தலாம், அல்லது வலை மூடியிலிருந்து கம்பியால் தொங்கவிடலாம். குழாயின் உருண்டை அசைகிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். சிக்கிக்கொண்டால் போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தும் விலங்கு தாகத்தில் கிடக்கும்.

மறைவிடம்: அட்டைப்பெட்டியில் ஒரு வாசல் வெட்டினால் போதும். கொறிக்கவும் ஆயிற்று, ஒளியவும் ஆயிற்று. இதை மறந்துவிடாதீர்கள். நான்கு பக்கமும் கண்ணாடி, சுற்றிலும் முப்பது முகங்கள். ஒளிய இடமில்லாத விலங்குக்கு அது தாங்க முடியாத பயம்.

7. எங்கே வைப்பது?

கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே போன ஒளி வெப்பமாகிப் பொருள்களைச் சூடாக்கும், சூடான காற்று வெளியேற வழி குறைவு. வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன நடக்கிறதோ அதேதான். ஹேம்ஸ்டருக்கு 18 முதல் 24 பாகை செல்சியஸ் ஏற்றது. 30ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. நம் ஊரில் மதியம் நிழலிலேயே 32 பாகை சாதாரணம். அதுவும் இந்த விலங்குக்கு நம்மைப்போல் வியர்க்காது.

ஆகவே சன்னல் ஓரம் கூடவே கூடாது. சுவர் ஓரம், நேர்வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். மின்விசிறி அறைக் காற்றைச் சுழற்றட்டும், நேராகத் தொட்டிக்குள் அடிக்க வேண்டாம். குளிர்சாதன அறையிலும் அப்படியே. தொட்டிக்குள் ஒரு பீங்கான் ஓடு வையுங்கள், சூடானால் அதன்மேல் வந்து படுத்துக்கொள்ளும். கடும் வெயில் நாளில் உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே கண்ணாடியை ஒட்டி வைக்கலாம். ஒரு வெப்பமானியைத் தொட்டிக்கு உள்ளே வையுங்கள். வகுப்பறைச் சுவரில் மாட்டியது போதாது.

உடலை நீட்டித் தட்டையாகக் கிடப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, வாயோரம் ஈரம், தள்ளாட்டம் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். ஈரத்துணியால் காலையும் காதையும் மெல்ல ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் வைத்து, விலங்கு மருத்துவரை அழையுங்கள்.

எறும்பை மறக்க வேண்டாம். நம் பாட்டிமார் உணவு அலமாரியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார்களே, அதே முறைதான். மேசையின் நான்கு கால்களுக்கும் நான்கு கிண்ணம். எறும்புப் பொடியும் எறும்புச் சுண்ணக்கட்டியும் தொட்டிக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது.

8. அன்றாடப் பராமரிப்பும் சுகாதாரமும்

சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். தொட்டிக்கு மேலே முகத்தை வைத்து உங்களுக்கு நாற்றம் தெரிந்தால், மூக்கு தரையோடு இருக்கும் விலங்குக்கு எவ்வளவு இருக்கும்! ஹேம்ஸ்டர் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த ஈரமான பகுதியை மட்டும் தினமும் எடுத்துவிடுங்கள். முழுவதையும் ஒரே நாளில் மாற்றினால் தன் வாசனை இல்லாமல் கலங்கிப்போகும். மாற்றும்போது காய்ந்த பழைய படுக்கையில் ஒரு பங்கைத் திரும்பப் போடுங்கள்.

தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். உணவு உண்ணும் மேசையில் வைக்க வேண்டாம். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ள மாணவர்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கும் ஆசிரியைகள் படுக்கைப் பொருளைச் சுத்தம் செய்யும் வேலையை மற்றவரிடம் விடுங்கள். சில கொறிவிலங்குகள் சுமக்கும் வைரஸ் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும்.

இது இரவில் விழித்திருக்கும் விலங்கு. பகலில் தூங்குவதை எழுப்பி விளையாடினால் கடிக்கும். கடிப்பது அதன் குற்றமல்ல.

9. எத்தனை நாள்?

தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஒரு தேதி வேண்டும். இல்லையென்றால் அது நிரந்தரத்தின் இன்னொரு பெயராகிவிடும். தொட்டியின்மேல் ஒரு தாளை ஒட்டுங்கள். வந்த நாள், போக வேண்டிய நாள், பொறுப்பாளர் பெயர், வார இறுதியில் யார் பார்ப்பார் என்ற நான்கு விவரங்களும் அதில் இருக்கட்டும். இரண்டு முதல் நான்கு வாரம் போதும். அதற்குள் பெற்றோர் சம்மதத்தோடு ஒரு வீடு தேடுங்கள். பள்ளி விடுமுறைக்கு முன் இடம் கிடைக்காது என்று தெரிந்தால் விலங்கை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கை வைத்திருப்பவர் அதன் தேவைகளைக் கவனிக்கக் கடமைப்பட்டவர். வகுப்பறை என்பதால் விலக்கு கிடையாது.

10. தேர்வு மாணவர்களுக்கு

கணிதம்: 60 × 30 × 36 செ.மீ. தொட்டியின் எடையைக் கணக்கிடுக. கண்ணாடித் தடிமன் 0.5 செ.மீ., அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.5 கிராம்.
அடித்தளம்: 60 × 30 = 1,800. முன்னும் பின்னும்: 2 × 60 × 36 = 4,320. இரு பக்கங்கள்: 2 × 30 × 36 = 2,160. மொத்தப் பரப்பளவு 8,280 சதுர செ.மீ. கண்ணாடியின் கன அளவு 8,280 × 0.5 = 4,140 கன செ.மீ. எடை 4,140 × 2.5 = 10,350 கிராம், அதாவது 10.35 கிலோ. மேற்பகுதி திறந்திருப்பதால் ஐந்து பரப்புகள்தான். ஆறு என்று எழுதிப் புள்ளி இழப்பவர்கள் அதிகம்.

அறிவியல், செயற்பாங்குத் திறன்: ஒரே அளவிலான இரண்டு காலித் தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குவளைகளும் போதும். ஒன்றைப் பலகையாலும் மற்றொன்றைக் கம்பிவலையாலும் மூடி, உள்ளே வெப்பமானி வைத்து, 30 நிமிடம் வெயிலில் வையுங்கள். தற்சார்பு மாறி: மூடியின் வகை. சார்பு மாறி: தொட்டிக்குள் உள்ள வெப்பநிலை. கட்டுப்படுத்தப்பட்ட மாறி: தொட்டியின் அளவு, வைக்கும் இடம், நேரம். கருதுகோள்: மூடி காற்றை அடைத்தால் தொட்டிக்குள் வெப்பநிலை அதிகமாக உயரும். உள்ளே எந்த உயிரையும் வைக்கக் கூடாது. இதை விடையிலும் பாதுகாப்பு நடவடிக்கையாக எழுதலாம்.

வேதியியல், படிவம் 4: வினிகரில் எழும் குமிழ் எது? அமிலம் உலோகக் கார்பனேட்டுடன் வினைபுரிந்து உப்பு, நீர், கார்பன் டைஆக்சைடு தரும். இங்கே உப்பு கால்சியம் எத்தனோயேட். வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் அது பால்போல் கலங்கும்.

தமிழ்மொழி: இந்தக் கட்டுரையில் முதலில், அடுத்து, அதன்பின், இறுதியாக என்ற இணைப்புச் சொற்களை மூடி செய்யும் பகுதியில் தேடுங்கள். செய்முறை விளக்கத்தில் அவை இல்லாவிட்டால் படிப்பவர் வழி தவறுவார். "கண்ணாடித் தொட்டி" என்பதில் வலி மிகும், "பழைய தொட்டி" என்பதில் மிகாது. பழைய என்பது பெயரெச்சம். "காகிதத் துண்டு" என்பதில் காகிதம் என்ற சொல்லின் மகர ஈறு கெட்டு வலி மிகுந்தது. பேசும்போது "கழட்டு", "பூந்து" என்போம். எழுதும்போது "கழற்று", "புகுந்து". நான் ஆங்காங்கே பேசுவதுபோல் எழுதியிருக்கிறேன், நீங்கள் தேர்வில் அப்படி எழுதிவிடாதீர்கள்!

அன்று பிழைத்த இரண்டு குட்டிகளும் மூன்றாவது வாரம் இரண்டு வீடுகளுக்குப் போயின. மேலே சொன்ன வெப்பமானிச் சோதனையை அதே வகுப்பில்தான் முதன்முதலாகச் செய்தோம். அளவை வாசித்துச் சொன்னது அந்த மாணவிதான். இரண்டு தொட்டிகளின் அளவையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "காத்து சரியில்லதான் சார்" என்றாள். ஆமாம் என்றேன். தவறு என்னுடையது என்பதையும் வகுப்பின் முன்னாலேயே சொன்னேன்.

உங்கள் சாமான் அறையில் தொட்டி இருந்தால், விலங்கு வருவதற்கு முன்பே வலை மூடியைச் செய்து வைத்துவிடுங்கள். காலணிப் பெட்டியோடு ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது ஹார்ட்வேர் கடைக்கு ஓட நேரம் இருக்காது.